ஜூஜுவாடி டீக்கடையில் ஒரு கேள்வி: “உங்களுக்குப் பிடிச்ச பாக்ஸர் யாரு?”

காலை மணி ஐந்தே முக்கால். தேசிய நெடுஞ்சாலை 44-ல் பனி இன்னும் விலகவில்லை. லாரிகளின் விளக்குகள் மட்டும் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிகின்றன. ஓசூரிலிருந்து பெங்களூரு போகிற வழியில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜுவாடி. சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடைப் பலகைகளில் எழுத்து கன்னடத்துக்கு மாறிவிடும். அத்திப்பள்ளி வந்துவிட்டது என்று அர்த்தம்.

சாலையோரத்து டீக்கடை ஒன்றில் பாய்லர் கொதிக்கிறது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கக் கண்ணோடு வருகிறார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தபடி நிற்கிறார்கள். மாஸ்டர் ஒரே மூச்சில் நான்கு மொழி பேசுகிறார். லாரிக்காரருக்கு இந்தி, பால்காரருக்குக் கன்னடம், வாடிக்கையாளருக்குத் தமிழ். உள்ளே சட்னி அரைக்கும் மனைவியிடம் தெலுங்கு. ஓசூர்ப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையில் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

அன்று காலை மாஸ்டர் ஒரு கேள்வியோடு இருந்தார். டீ கிளாஸை நீட்டும்போதே கேட்டார்.

“அண்ணா, பாக்ஸிங் பார்ப்பீங்களா? உங்களுக்குப் பிடிச்ச பாக்ஸர் யாரு? ஏன் பிடிக்கும்?”

காரணம், கல்லாப் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு படிவம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பாக்ஸிங் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவம் வந்து நான்கு நாளாகிறது. “மூக்கு உடைஞ்சா யாரு கட்டிப்பா?” என்று மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாஸ்டருக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஜூஜுவாடியை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

எல்லா ஊரும் வந்து நிற்கிற ஊர்

1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அதற்கு முன்பு இந்தப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அதனால்தான் இந்தக் குளிர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் வந்தன. ஆலைக்கு ஆள் வேண்டுமே? முதலில் தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பிறகு சென்னை, மதுரை. இப்போது அசாம், மணிப்பூர், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்.

கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமானது. ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்த ஜூஜுவாடி இன்று அந்த மாநகராட்சிக்குள் இருக்கிறது. லேத் பட்டறை, பஞ்சர் கடை, மெஸ், மாடி மாடியாக ஒற்றை அறை வீடுகள். ‘ரூம் வாடகைக்கு’ என்ற பலகை தமிழிலும் இருக்கும், இந்தியிலும் இருக்கும்.

இவ்வளவு பேர் வந்து சேர்ந்த ஊரில் ஒரு சங்கடமும் உண்டு. யாருக்கும் யாருடைய ஊரும் தெரியாது. வடக்கிலிருந்து வந்தவர் எல்லோரும் ‘இந்திக்காரங்க’. அசாமிய மொழி பேசுகிறவரும் ஒடியா பேசுகிறவரும் மணிப்பூரிலிருந்து வந்தவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆலையில் எண், விடுதியில் கட்டில் எண், தெருவில் ‘இந்திக்காரங்க’.

மாஸ்டரின் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் பலருடைய ஊரும் வீடும் அந்தக் கடைக்குள் வந்தன.

‘எட்டு எண்றதுக்குள்ள மூச்சு வாங்கிக்கணும்’

முதலில் பதில் சொன்னவர் ஒரு ஃபிட்டர். காசிமேட்டுக்காரர். ஓசூர் வந்து பத்து வருடமாகியும் பேச்சில் வடசென்னை அப்படியே இருக்கிறது.

“இன்னா மாஸ்டர், எங்கிட்டயா கேக்குற? எங்க ஏரியாவுல கிளவுஸ் மாட்டாத வீடு எது?”

அவர் சொல்வதில் மிகை கொஞ்சம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தையும் ராணுவத்தையும் ஒட்டி மதராஸுக்குள் வந்தது ஆங்கிலக் குத்துச்சண்டை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று வடக்கு மதராஸின் உழைக்கும் மக்கள் அதைத் தங்கள் விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சி எடுத்தார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. பரம்பரை என்றால் ரத்த சொந்தம் இல்லை. ஒரே வாத்தியாரிடம், ஒரே முறையில் கற்றுக்கொண்டவர்கள். சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து, ஆங்கிலோ-இந்திய வீரர் டெர்ரியை வீழ்த்திய கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள்.

2021 ஜூலை 22-ம் தேதி பா.இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ ஓ.டி.டி-யில் வெளியானபோது இந்தக் கதை தமிழ்நாடு முழுக்கப் போனது. கொரோனாவால் தியேட்டர்கள் மூடியிருந்த நேரம். விடுதி அறையில் ஒரு போனை நடுவில் வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்த படம் அது. ஆர்யா நடித்த கபிலனுக்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் ஃபிட்டருக்குப் பிடித்தது டான்ஸிங் ரோஸ். ஷபீர் நடித்த பாத்திரம்.

“ஏன் தெரியுமா மாஸ்டர்? அவன் ஆடுவான், வம்பு பண்ணுவான். ஆனா எதிராளி நல்லா ஆடுனா மதிப்பான். தோத்தாலும் மூஞ்சி தொங்காது.”

சினிமா மட்டுமில்லை. சென்னையைச் சேர்ந்த வி.தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் களமிறங்கினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். “எங்க ஊரு ஆளு” என்று சொல்லும்போது ஃபிட்டரின் தோள் தானாக நிமிர்கிறது.

மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். “கீழே விழுந்தா பத்து எண்ணுவாங்களே, அதுக்குள்ள எழுந்துட்டா உடனே அடிக்கலாமா?”

“கூடாது. அமெச்சூர் பாக்ஸிங்ல நீ மூணுலயே எழுந்து நின்னாலும் ரெஃப்ரி எட்டு வரைக்கும் எண்ணுவாரு. உன் கண்ணப் பாப்பாரு. நீ தெளிவா இருந்தாதான் ஆட்டம் தொடரும். அந்த எட்டு எண்றதுக்குள்ள மூச்சு வாங்கிக்கணும். எங்க வாத்தியாரு சொல்லிக்குடுத்த முதல் பாடமே அதான். அடிக்கிறது அப்பறம்தான்.”

மாஸ்டர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். சட்னி அரைக்கும் சத்தம் கொஞ்சம் நின்றிருந்தது.

திருட்டுப்போன சைக்கிள்

பெஞ்சின் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தொழிலாளி. மோட்டார் வாகன ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். யாரும் கேட்காமலே சொன்னார்.

“முகமது அலி. வேற யாரு?”

1980-ல் முகமது அலி மதராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. முதலமைச்சர் எம்.ஜி.ஆரே வந்து பார்த்தார். எல்லிஸும் அலியும் லூயிவில் நகரத்தில் சிறு வயதிலிருந்தே பழக்கம். அதே 1980-ல்தான் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்தது. இந்தப் பெரியவருக்கு அப்போது இருபது வயது. மதராஸ் போய்ப் பார்க்கப் பணமில்லை. பேப்பரில் வந்த படத்தை வெட்டி டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாராம்.

அவருக்கு அலியைப் பிடிக்கக் காரணம் ‘வண்ணத்துப்பூச்சி’ வேகம் இல்லை. ஒரு சைக்கிள்.

1954-ல் பன்னிரண்டு வயதுப் பையன் காசியஸ் கிளேயின் புது சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். திருடனைப் பிடித்தால் உதைப்பேன் என்று அழுதபடி போலீஸ்காரர் ஜோ மார்ட்டினிடம் சொன்னான். ‘உதைப்பதற்கு முன்னால் சண்டை போடக் கற்றுக்கொள்’ என்ற பொருளில் பதில் வந்தது. மார்ட்டின் பாக்ஸிங் பயிற்சியாளரும்கூட. ஆறு வருடம் கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில் அந்தப் பையன் தங்கம் வென்றான். 1964-ல் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன். அதன் பிறகு முகமது அலி ஆனார்.

“அதெல்லாம் பெரிசு இல்ல தம்பி. 1967-ல வியட்நாம் போருக்கு வரமாட்டேன்னு சொன்னாரு. பட்டத்தப் பிடுங்கிட்டாங்க. மூணரை வருஷம் ரிங்குக்குள்ள விடல. நல்லா ஆடுற வயசு. அந்த மூணரை வருஷத்த யாரும் திருப்பிக் குடுக்க முடியாது. ஆனாலும் சொன்ன சொல்ல மாத்தல பாருங்க.”

1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலி மீதான தண்டனையை ரத்து செய்தது. 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தை மீண்டும் வென்றார்.

பெரியவர் இதோடு நிறுத்தவில்லை. 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்ததையும் சொன்னார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்ற வந்தபோது அந்தக் கை நடுங்கியதை டி.வி-யில் பார்த்துத் தான் அழுததையும் மறைக்கவில்லை. “பொண்ணச் சேக்குறதுன்னா தலையில அடி வாங்காம ஆடக் கத்துக்குடுக்குற ஆளாப் பாத்துச் சேருங்க. இத்தனை வருஷம் ரசிச்ச நானே சொல்றேன்.”

படிவம் கல்லாப் பெட்டியிலேயே இருந்தது.

காதைக் கடித்தவரும் பஸ் டிரைவர் மகனும்

மறுநாள் காலை, கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் டி-ஷர்ட்டிலேயே மைக் டைசன் இருந்தார். 1986-ல் இருபது வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். இன்றுவரை அந்த வயதில் அந்தப் பட்டத்தை வேறு யாரும் வென்றதில்லை. 1988-ல் மைக்கேல் ஸ்பின்க்ஸை 91 விநாடியில் முடித்தார். இதையெல்லாம் ரீல்ஸில் பார்த்தே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

“அவரு காதைக் கடிச்ச ஆளுதானே?” என்று மாஸ்டர் மனைவி கேட்டதும் பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஆமாம், 1997-ல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தவர்தான். அதற்கு முன்பு குற்ற வழக்கில் சிறைக்குப் போய் வந்தவரும்கூட. 2024 நவம்பரில் 58 வயதில் ஜேக் பாலுடன் மோதிப் புள்ளிகளில் தோற்றார். அதை நள்ளிரவிலிருந்து விழித்திருந்து பார்த்த பையன்களுக்கு ஏமாற்றம். ஆனாலும் ஒருவன் சொன்னான்: “தோத்தாரு அண்ணா. ஆனா எங்க தாத்தா வயசு. எட்டு ரவுண்டும் நின்னாரு.”

“எம்பொண்ணுக்கு இவரு வேணாம்” என்றார் மாஸ்டர் மனைவி. பாக்ஸிங் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியது அதுதான் இரண்டாவது முறை.

அன்று மாலை சோதனைச் சாவடிப் பக்கம் நிறுத்திய லாரியிலிருந்து ஒரு டிரைவர் இறங்கி வந்தார். ஹரியானா பதிவெண். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற இந்த நெடுஞ்சாலை சுமார் 3,700 கிலோமீட்டர். அவர் ஊர்ப் பக்கம் பானிபட், கர்னால் வழியாகப் போகிற அதே சாலைதான் ஜூஜுவாடியைத் தாண்டி ஓடுகிறது. மாஸ்டர் இந்தியில் கேட்டார். பதில் யோசிக்காமல் வந்தது. விஜேந்தர் சிங்.

பிவானி மாவட்டத்துக் காலுவாஸ் கிராமத்துக்காரர் விஜேந்தர். அப்பா ஹரியானா அரசுப் பேருந்து டிரைவர். மகன்களைப் படிக்க வைக்கவும் பயிற்சிக்கு அனுப்பவும் ஓவர்டைம் பார்த்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விஜேந்தர் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பாக்ஸிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

டிரைவர் தன் ஸ்டியரிங் பிடித்த கையைக் காட்டிச் சிரித்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: டிரைவர் வீட்டுப் பையன் டிரைவர்தான் ஆவான் என்று எல்லோரும் நினைப்பார்கள். டி.வி-யில் ‘பஸ் டிரைவரின் மகன்’ என்று சொன்ன அன்று, லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் அது தங்கள் வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

மாஸ்டர் அவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

இனிப்பு சுற்றி வந்த காகிதம்

ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறை என்பதால் விடுதிப் பெண்கள் கும்பலாக வந்திருந்தார்கள். ஓசூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். அதில் ஒரு பெண் மட்டும் தமிழ் ஓரளவு பேசுவாள். மாஸ்டர் அவளை இத்தனை நாளும் ‘இந்திப் பாப்பா’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். அவள் ஒரு நாளும் திருத்தியதில்லை.

கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“லவ்லினா அண்ணா! லவ்லினா போர்கோஹைன். எங்க ஊரு. கோலாகாட். அசாம்.”

லவ்லினாவின் கிராமம் கோலாகாட் மாவட்டத்து பாரோமுகியா. அவருக்கு இரட்டையர் அக்காக்கள். இரண்டு பேரும் கிக்பாக்ஸிங் ஆடியவர்கள். மூன்றும் பெண்தானா என்று ஊர் பேசிய வீடு. ஒரு நாள் அப்பா வாங்கி வந்த இனிப்பு ஒரு செய்தித்தாளில் சுற்றியிருந்தது. அந்தக் காகிதத்தில் முகமது அலியைப் பற்றிய கட்டுரை. அதைப் படித்துத்தான் பாக்ஸிங் என்று ஒன்று இருப்பதே சிறுமி லவ்லினாவுக்குத் தெரிய வந்தது.

மாஸ்டர் அப்போது போண்டாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பெஞ்சிலிருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தீங்களா, எங்க ஆளு எங்கெல்லாம் போயிருக்காருன்னு!”

டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் லவ்லினாவின் அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு லவ்லினாவுக்கே கொரோனா. 2021 ஜூலை 30-ம் தேதி, காலிறுதியில், முன்பு தன்னைத் தோற்கடித்த தைவான் வீராங்கனை சென் நியென்-சின்னை 4-1 என்று வென்று பதக்கத்தை உறுதி செய்தார். ‘சார்பட்டா’ வெளியாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய வீட்டுக்குப் போகும் சேற்றுச் சாலையைச் செப்பனிடும் வேலை அந்தப் பதக்கத்தை ஒட்டித்தான் வேகம் பிடித்தது.

“ரோடு வந்துச்சு அண்ணா” என்றாள் அந்தப் பெண். பதக்கத்தின் நிறத்தை அவள் சொல்லவே இல்லை. மழைக்காலத்தில் அவள் ஊர்ச் சாலையும் அப்படித்தான் இருக்குமாம்.

2023 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் லவ்லினா 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அசாம் போலீஸில் டி.எஸ்.பி. பதவியும் கிடைத்தது. இந்தக் கடைசித் தகவலைக் கேட்டதும் மாஸ்டர் மனைவி வெளியிலேயே வந்துவிட்டார். “கவர்மென்ட் வேலையா?”

விடுதி அறையில் இரண்டு கட்சி

அதே கும்பலில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மேரி கோம்தான். வேறு பேச்சே இல்லை.

மேரி கோம் காங்கதேய் கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம் வென்றதைப் பார்த்து பாக்ஸிங்குக்கு வந்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. மாநில அளவில் வென்ற மகளின் படம் செய்தித்தாளில் வந்த பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரியும். 2007-ல் இரட்டைக் குழந்தைகள். 2008-ல் மீண்டும் உலக சாம்பியன். 2012 லண்டனில் பெண்கள் பாக்ஸிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது வெண்கலம். 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம். அப்போது அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

‘செய்தித்தாளைப் பார்த்துத்தான் அப்பாவுக்குத் தெரியும்’ என்ற இடத்தில் மாஸ்டர் தலை நிமிர்ந்தார். “நம்ம பாப்பா படிவத்த நம்மகிட்டயே குடுத்துச்சு” என்று மனைவியிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்.

அங்கேதான் விவாதம் தொடங்கியது. கும்பலிலிருந்த ஆந்திரப் பெண் விடவில்லை. “மேரி அக்கா பெரியவங்கதான். ஆனா நிகத்துக்குக் கை குடுத்திருக்கலாம்ல?”

நிகத் ஜரீன் தெலங்கானாவின் நிஜாமாபாத்துக்காரர். 2019-ல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 51 கிலோ பிரிவில் மேரி கோமை நேரடியாக அனுப்பப் பார்த்தார்கள். ‘எனக்கும் தேர்வுப் போட்டி வையுங்கள்’ என்று விளையாட்டுத் துறை அமைச்சருக்கே கடிதம் எழுதினார் நிகத். அப்போது அவருக்கு 23 வயது. அந்த ஆண்டு டிசம்பர் 28-ல் டெல்லியில் போட்டி நடந்தது. மேரி 9-1 என்று ஜெயித்தார். முடிந்ததும் நிகத்துடன் கை குலுக்கவில்லை.

மணிப்பூர்ப் பெண்ணுக்கு அதற்கும் பதில் இருந்தது. பதினெட்டு வருடமாக ஆடிச் சேர்த்த மரியாதையை ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்டால் யாருக்கும் வலிக்கும் என்றாள். ஆந்திரப் பெண்ணோ, கேட்டது மரியாதையை இல்லை, வாய்ப்பை என்றாள். இரண்டு பேரும் ஒரே அறையில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாக இருப்பவர்கள். பல ராத்திரி இந்தச் சண்டையில் தூக்கம் போயிருக்கிறது என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

தோற்ற நிகத் திரும்பி வந்தார். 2022 மே 19-ல் இஸ்தான்புல்லில் தாய்லாந்தின் ஜிட்போங் ஜுடாமாஸை 5-0 என்று வென்று உலக சாம்பியன். 2023-ல் டெல்லியில் மீண்டும் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டாவது ஆட்டத்திலேயே சீனாவின் வூ யூவிடம் தோல்வி. அதே ஆண்டு தெலங்கானா போலீஸில் டி.எஸ்.பி. ஆனார்.

“நிஜாமாபாத் எங்க இருக்கு?” என்று மாஸ்டர் கேட்டார்.

ஃபிட்டர் கடைக்கு வெளியே கையை நீட்டினார். “இதே ரோடு மாஸ்டர். பெங்களூர், ஹைதராபாத் தாண்டி நேராப் போனா அந்த மாவட்டம்தான்.”

கேட்காமல் விட்ட ஒருத்தி

அன்று மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் மகள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்கு வந்தாள். ராகிக் களி, கீரைக் குழம்பு. ஃபிட்டர் சும்மா இருக்கவில்லை.

“மாஸ்டர், ஊரையே கேட்டுட்ட. உன் பொண்ணக் கேட்டியா?”

மாஸ்டர் கேட்டிருக்கவில்லை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டார். “உனக்கு யாரு பாப்பா?”

“நிகத்.”

“ரெண்டு தடவ உலக சாம்பியன், அதனாலயா?”

அவள் பாத்திரத்தைத் திறந்தபடியே சொன்னாள். சின்ன வயதில் மைதானத்துக்குப் போன நிகத், எல்லா விளையாட்டிலும் பெண்கள் இருக்கிறார்களே, பாக்ஸிங்கில் மட்டும் ஏன் இல்லை என்று அப்பா ஜமீலிடம் கேட்டாராம். பெண்களுக்கு அந்த பலம் இல்லை என்று ஊர் நினைக்கிறது என்றாராம் அப்பா. அப்படியென்றால் நான் ஆடிக் காட்டுகிறேன் என்று நிகத் பிடிவாதம் பிடித்திருக்கிறார். சொந்தக்காரர்கள் பலர் பலவிதமாகப் பேசியும் அப்பா பின்வாங்கவில்லை.

“அவங்க அப்பாதான் கூட்டிட்டுப் போனாரு நாய்னா. அதான் பிடிக்கும்.”

கடையில் யாரும் பேசவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மாஸ்டர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “தலைக்கு ஏதோ மாட்டுவாங்களாமே?”

“ஹெட்கார்டு அக்கா. பல்லுக்குக் கார்டு தனியா இருக்கு. பொண்ணுங்க கண்டிப்பா மாட்டித்தான் ஆடணும்” என்றார் ஃபிட்டர்.

“அதையெல்லாம் முதல்ல வாங்கிட்டுத்தான் அனுப்பணும்” என்றார் அவர். அதை மாஸ்டரிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மாஸ்டர் கல்லாப் பெட்டியைத் திறந்தார. படிவத்தின் மடிப்புகளில் டீக்கறை படிந்திருந்தது. பெரியவரிடம் பேனா வாங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால். பனி அப்படியேதான் இருந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் மத்தியில் அந்த அசாம் பெண்ணும் இருந்தாள். மாஸ்டர் டீயை ஆற்றியபடி குரல் கொடுத்தார்.

“கோலாகாட் பாப்பா, உனக்குச் சர்க்கரை கம்மிதானே?”